சாலை முடிந்த இடத்தில் நான் சொன்ன பதில்

தம்பி,

நீ டொரண்டோ போய்ச் சேர்ந்த மறுநாள் கூப்பிட்டு, "முடிவு என்னப்பா பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டாய். நான் வழக்கமாகச் சொல்வதையே சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். எதிரில் ஒரு ஆள் பதிலுக்குக் காத்திருந்தால் எனக்கு வாய் குழறும். எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். ஆனால் உனக்கு மட்டும் எழுதினால், ஒரு வாரம் கழித்து இன்னொரு கடிதம் போட்டு இதை வாபஸ் வாங்கிக்கொள்வேன்; என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அச்சில் வந்ததை யாரும் திருப்பி வாங்க முடியாது. உன் பெயரைப் போடவில்லை, என் பெயரும் வேண்டாமென்று ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் கண்டுபிடித்தால் கண்டுபிடிக்கட்டும். நாலு பேர் படித்துவிட்டார்கள் என்ற பயமாவது என்னைச் சொன்ன சொல்லில் நிறுத்தி வைக்கும்.

நம் வீட்டுக்கு முன்னால் போகிற டிரங்க் ரோட்டைப் பற்றி எனக்கு இருந்த பைத்தியம் உனக்குத் தெரியும். ரஞ்சன்குடிக் கோட்டையில் இருந்தவர்கள் எந்த வழியைக் காவல் காத்தார்கள், திருச்சியைப் பிடிக்கப் போன படைகள் எங்கே கூடாரம் அடித்தன, மதுரைக்குத் தெற்கே ஒரு ராணி போட்டதாகச் சொல்லப்படும் சாலை எந்தெந்த ஊர் வழியாகக் குமரி முனைக்குப் போனது என்றெல்லாம் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். படித்ததோடு சரி. ஜியாலஜி படித்துவிட்டு அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்க ஆபீசில் உட்கார்ந்தவன் நான். அந்தச் சாலையில் பெரம்பலூர் வரை பஸ், அங்கே இறங்கி அரியலூருக்கு வேறு பஸ், சாயங்காலம் அதே வழியில் வீடு. வேலைக்காலம் முழுவதும் அந்தப் பெரிய சாலையின் ஒரு சின்னத் துண்டில்தான் நான் போய்வந்தேன். அது கடலில் போய் முடிகிற இடத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்தது. அதை உன்னிடம் சொன்னதில்லை. அம்மா சொல்லியிருக்கிறாள்.

ஆகவே நீ லீவில் வந்த மூன்றாம் நாள், காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கெளம்புங்கப்பா, ஒங்க ரோடு எங்க முடியுதுன்னு காமிக்கிறேன்" என்று சொன்னபோது, படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். நீ எதிலும் என்னைப் போல இல்லை என்று நினைத்திருந்தேன். என் மனசில் இருந்ததை எடுத்து என் முன்னாலேயே வைத்தாயே என்று இருந்தது. அன்று ராத்திரியே பையை எடுத்து வைத்தேன். மாத்திரைகளைக் காலைக்கு, ராத்திரிக்கு என்று தனித்தனியாகக் கட்டினேன். வாந்தி வந்தால் முகர எலுமிச்சம்பழம், மழை வந்தால் குடை, குளிர்ந்தால் மப்ளர். அம்மா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கன்னியாகுமரிக்குத்தான போறம்? காசிக்குப் போற மாதிரி கட்டுறீங்க" என்றாள்.

"அவசரத்துக்கு வேணும்ல."

"அவசரம்னா ஒங்களுக்கு என்னான்னு தெரியுமா? கல்யாணத்தன்னிக்குத் தாலி கட்டச் சொன்னா நல்ல நேரம் ஆரம்பிச்சுருச்சான்னு அய்யருகிட்ட கடியாரத்தக் கேட்ட ஆளு."

நீ கதவருகில் நின்று சிரித்தாய். அந்த ராத்திரி நம் வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோம். இப்போது அதை நினைத்தால் எனக்குக் கசப்புத்தான் வருகிறது.

பயணத்தில் நான் அதிகம் பேசினேன் என்று நினைக்கிறேன். பாடாலூரில் ஆரம்பித்த பேச்சு துவரங்குறிச்சி வரை ஓயவில்லை. நீ காரை ஓட்டிக்கொண்டே 'ம்' கொட்டினாய். இடையிடையே உன் போனில் இருந்த பெண் குரல் வலது பக்கம் போ, இடது பக்கம் போ என்று சொன்னது. நான் நிறுத்திக்கொண்டு அவள் முடித்ததும் தொடர்ந்தேன். மதுரைக்கு அப்பால் ஒரு ஓட்டலில் சாப்பிட்டோம். அங்கே அம்மா சாம்பாரை மூன்று தடவை கேட்டு வாங்கினாள். "நல்லாயிருக்காம்மா?" என்று கேட்டாய். "உப்பு கம்மிதான். ஆனா ஒருத்தரு கொண்டாந்து ஊத்துறாங்க பாரு" என்றாள். நீயும் நானும் அதைக் காதில் வாங்கவில்லை. நீ பில்லுக்காகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் திருநெல்வேலியில் பழைய சாலை ஆற்றைக் கடந்த இடத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

காவல்கிணறு தாண்டிக் காற்றாலைகள் தெரிந்ததும் எனக்கு உடம்பு பரபரத்தது. பெரிய சாலை ஒன்று முடிகிற இடத்தில் ஏதாவது இருக்கும் என்று எண்ணியிருந்தேன். ஒன்றும் இல்லை, தம்பி. சங்குக் கடைகள், பாசிமணிக் கடைகள், பார்க்கிங் சீட்டு கிழிக்கும் ஒருவர், அப்புறம் வண்டி போகாமல் குறுக்கே வைத்த போலீஸ் தடுப்பு. அந்தத் தடுப்பில் ஒருவர் ஈரத் துண்டைக் காயப்போட்டிருந்தார். படைகளும் பல்லக்குகளும் வண்டிமாடுகளும் வந்த சாலை அந்த ஈரத் துண்டோடு முடிந்தது. அதற்கு அப்பால் கல், கல்லுக்கு அப்பால் கடல். எனக்கு ஏமாற்றமாக இல்லை என்று சொன்னால் நம்புவாயா? பயந்தவனுக்குத் தடுப்பைப் பார்த்தால் நிம்மதி. இதற்கு மேல் யாரும் நம்மைப் போகச் சொல்ல முடியாது என்று நினைத்தேன்.

அம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்றாள். அலை வந்தபோது கத்தினாள். நான் கரையில் நின்று, கால் வழுக்கும், வா என்று கூப்பிட்டேன். அப்புறம் சும்மா இருக்காமல், நான் வேலை பார்த்த அரியலூரும் ஒரு காலத்தில் கடல்தான், சுரங்கத்தில் தோண்டத் தோண்டச் சிப்பியும் நத்தையும் கல்லாகிக் கிடக்கும் என்று ஆரம்பித்தேன்.

"ஒங்க கடலு கல்லாப் போயி எத்தினியோ காலமாச்சு. இது தண்ணியாருக்கு. கொஞ்ச நேரம் சும்மாருங்க" என்றாள்.

நீ வாய்விட்டுச் சிரித்தாய். உன் போனில் எங்கள் இருவரையும் படம் எடுத்தாய். பிறகு மணியைப் பார்த்துவிட்டு, "பக்கத்துல ஒரு எடம் இருக்குப்பா. பாத்துட்டுப் போயிடலாம்" என்றாய். கோயிலாக இருக்கும் என்று நினைத்து நான் செருப்பைக் கழற்றத் தோதாக வாரைத் தளர்த்திக்கொண்டே காரில் ஏறினேன்.

தென்னந்தோப்புக்குள் வெள்ளையடித்த கட்டடம். வாசலில் நின்ற பெண்மணி கைகூப்பி, "வாங்க சார், வாங்கம்மா. ஒங்க ரூம் ரெடியா இருக்கு, பாத்துருவோமா? கடல் பாத்த ரூம்தான் வேணும்னு சார் போன மாசமே சொல்லி அட்வான்ஸும் கட்டிட்டாரு" என்றார். அவர் 'சார்' என்று உன்னைச் சொன்னார் என்பது எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. தாழ்வாரத்தில் என் வயசுக்காரர்கள் நாலு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பஸ்ஸில் ஏறுகிற ஆளுக்கு உள்ளே இருப்பவர் இடம் இருக்கிறது என்று காட்டுவது போல இருந்தது அது.

நான் உன்னைத் தனியாகக் கூப்பிட்டேன். "என்னடா இது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

நீ உண்மையாகவே ஆச்சரியப்பட்டாய். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "அப்பா, தீவாளிக்குப் பேசறப்ப சொன்னேனே. வயசானவங்க இருக்கறதுக்குக் கடலோரமா நல்ல எடம் ஒண்ணு இருக்கு, நீங்களும் அம்மாவும் அங்க போயி இருக்கீங்களான்னு கேட்டனே. நீங்கதான பாக்கலாம்னு சொன்னீங்க? அதான் பாக்கக் கூட்டியாந்தேன்."

பாக்கலாம். சொன்னேன்தான். நான் மறுக்கவில்லை.

தம்பி, இந்த ஒரு வார்த்தையை நீ என்னோடு பதினேழு வயசு வரை ஒரே வீட்டில் இருந்து கேட்டிருக்கிறாய். நம் பக்கத்தில் ஒருவர் கேட்டதற்கு முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொன்னால் அது பகை. சீட்டுப் பிடிப்பவர் வந்து கேட்பார், கோயில் கமிட்டிக்காரர் கேட்பார், பெண் கேட்டு வருவார்கள். எல்லோருக்கும் 'பாக்கலாம்' என்றுதான் சொல்வோம். கேட்டவர் புரிந்துகொண்டு, மோரைக் குடித்துவிட்டு, வேறு பேச்சுப் பேசிவிட்டு, மனஸ்தாபம் இல்லாமல் எழுந்து போவார். மற்றவர்கள் அதை எப்போதாவது சொல்வார்கள். நான் எப்போதும் சொல்வேன். ஆந்திரா சுரங்கத்துக்குப் பதவி உயர்வோடு போகிறாயா என்று மேலதிகாரி கேட்டபோது 'பார்க்கலாம் சார்' என்றேன். அவர் வெளியூர்க்காரர். ஒரு மாசம் காத்திருந்துவிட்டு, "என்னய்யா, இன்னுமா பாத்துக்கிட்டிருக்க?" என்று கேட்டார். ஆபீசே சிரித்தது.

வீட்டில் மட்டும் அந்தச் சிக்கல் வந்ததில்லை, அம்மா இருந்தாள். நீ சைக்கிள் கேட்டு நான் பாக்கலாம் என்றால், அடுத்த நிமிஷம் அடுப்படியிலிருந்து அவள் குரல் வரும்: "டேய், ஒங்கப்பா பாக்கலாம்னா பாக்க மாட்டாருன்னு அர்த்தம். போயி வேலையப் பாரு." உனக்கும் எனக்கும் நடுவில் நின்று அவள்தான் மொழிபெயர்த்துக் கொடுத்தாள். நான் சொல்ல வேண்டிய 'இல்லை' எல்லாவற்றையும் அவளே சொன்னாள். கெட்ட பெயரும் அவளுக்கே வந்தது. அதில் எனக்கு எவ்வளவு வசதி இருந்தது என்று நான் யோசித்ததே இல்லை.

தீபாவளியன்று நீ போனில் கேட்டபோது அம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தோம். நான் பாக்கலாம் என்று சொன்னதும் அவளைப் பார்த்தேன். அவள் மொழிபெயர்க்கவில்லை. மடியில் இருந்த தட்டில் கறிவேப்பிலையை உருவிக்கொண்டே இருந்தாள்.

அந்த அறையில் நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நீ போனில் யாருக்கோ பதில் அனுப்பிக்கொண்டிருந்ததால் பாதிதான் தெரியும். அம்மா மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தாள். குழாயைத் திறந்து மூடினாள். அந்தப் பெண்மணியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"சாப்பாட்டுக்கு நாங்க வரணுமா, கொண்டாந்து குடுப்பீங்களா?"

"எப்படி வேணும்னாலும்மா. முடியாதவங்களுக்கு ரூமுக்கே வந்துரும்."

"நாளைக்கு என்ன வெக்கிறதுன்னு யாரு சொல்லணும்?"

"நீங்க எதுக்கும்மா சொல்லணும்? அது பாட்டுக்கு வரும்."

அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். கால்கள் இரண்டையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டாள். நம் வீட்டில் பகலில் அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "அது பாட்டுக்கு வருமாம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். நீ உள்ளே வந்து, "என்னம்மா, புடிச்சிருக்கா?" என்று கேட்டாய். என்னையும் பார்த்தாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த இடத்திலும், எல்லாம் தெரிந்த பிறகும், என் வாயில் அதுதான் வந்தது.

அதற்கு அம்மா, "நான் வரேன்டா சாமி. ஒங்கப்பா பாத்துக்கிட்டே இருக்கட்டும்" என்றாள்.

நீ சிரித்தாய். அந்தப் பெண்மணியும் சிரித்தார். சிரிக்காதது நான் மட்டும்தான். அவள் வேடிக்கையாகப் பேசவில்லை என்று புரிந்ததும் எனக்கு மட்டும்தான்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதை யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை. ஆனாலும் எழுதுகிறேன். என் ஆசையைக் காரணமாக வைத்து என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். வீட்டில் உட்கார வைத்துக் கேட்டிருக்கலாம். அங்கே சுவர் இருந்தது, என் நாற்காலி இருந்தது, கொல்லைப் பக்கம் எழுந்து போக வழி இருந்தது. நாள் முழுக்கக் காரில் அழைத்துப் போய், சாலையே முடிந்த ஒரு இடத்தில் இறக்கிவிட்டு, ஆள் முன்னால் கேட்டால் உன் அப்பனால் என்ன சொல்ல முடியும்? உனக்கும் வயசாகும். உன் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வை: பெரியவர்களிடம் ஒன்று கேட்பதானால் அவர்கள் மறுக்க வசதியான இடத்தில் கேள். அவர்கள் சொன்ன வார்த்தையை வாங்கிக்கொண்டு ஓடாதே. சொல்லும்போது முகம் எப்படி இருந்தது என்று பார். அட்வான்ஸ் கட்டிவிட்டு அபிப்பிராயம் கேட்காதே.

இதை எழுதிவிட்டு நேற்று ஒரு நாள் முழுக்க அடித்துவிடலாமா என்று யோசித்தேன். நீ சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ரோடு நாலு வழி ஆனதிலிருந்து பால் வாங்க அந்தப் பக்கம் போய்வருவது பெரிய பாடாக இருக்கிறது. போன ஆடியில் ஒரு லாரி என் வேட்டியை உரசிக்கொண்டு போனதை அம்மா உன்னிடம் சொல்லிவிட்டாள். ராத்திரி நெஞ்சு வலித்தால் பெரம்பலூருக்கு வண்டி பிடிக்க வேண்டும். கண்டம் தாண்டி இருக்கும் நீ அங்கிருந்து என்ன செய்வாய்? உன் இடத்தில் நான் இருந்தால் இதையே செய்திருப்பேனோ என்னவோ. இல்லை, செய்திருக்க மாட்டேன். எனக்கு அவ்வளவு தைரியம் வராது. நீ செய்தது சரியா தப்பா என்று தீர்மானிக்க என்னால் முடியவில்லை. எனக்கு வலித்தது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிகிறது. அதைச் சொல்லவும் உரிமை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

இனி உனக்குத் தெரியாதது. முந்தாநாள் காலை அம்மா பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னாள். இறக்கிக் கொடுத்தேன். அதில் இருந்த என் பழைய ஸ்வெட்டரையும் சுரங்கத்தில் போட்ட தொப்பியையும் எடுத்து வெளியே வைத்துவிட்டு, அவளுடைய புடவைகளை அடுக்க ஆரம்பித்தாள். பக்கத்தில் பாதி இடத்தைக் காலியாக விட்டிருந்தாள். "ஒங்க வேட்டி சட்டைய எடுத்தாங்க" என்றாள். நான் நின்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் என்ன சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும். அதைத் தனக்கு வேண்டிய மாதிரி எடுத்துக்கொள்ளவும் தயாராக இருந்தாள்.

"நான் வரல" என்றேன்.

அவள் கையில் இருந்த புடவை அப்படியே நின்றது. இவ்வளவு காலத்தில் அந்த வார்த்தையை என் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. ஏன் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். காரணங்களை வரிசையாக யோசித்து வைத்திருந்தேன்: அந்தத் தாழ்வாரத்து நாற்காலிகள், என்னைப் பார்த்துத் தலையசைத்த மனிதர், என்னைக் கேட்காமல் எனக்குப் போட்ட கட்டில். அவள் கேட்கவில்லை.

"வரலன்னு சொல்ல ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கே" என்றாள். "ஒங்க அக்கா மாசக்கணக்குல வந்து ஒக்காந்தப்ப தெரியல. ஒங்க ஆபீசுக்காரங்க பத்துப் பேரு சொல்லாம கொள்ளாம சாப்பாட்டுக்கு வந்தப்ப தெரியல. எங்கிட்டதான் வருது."

 அவள் அழவில்லை. காலியாக விட்டிருந்த பாதியில் தன் போர்வையை மடித்து வைத்தாள். அது சரியாகப் பொருந்தியது. பெட்டியை மூடிவிட்டு, "சோறாக்கத் தெரியுமா ஒங்களுக்கு?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "அரிசி ஒண்ணுக்கு தண்ணி ரெண்டு. ரேசன் அரிசின்னா ரெண்டரை" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். நேற்றும் இன்றும் அவள்தான் சமைத்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்கிறேன். பேச்சு அவ்வளவாக இல்லை. உப்பு எவ்வளவு, எப்போது இறக்குவது, அவ்வளவுதான்.

ஆக, முடிவு இதுதான். அம்மா போகிறாள், நான் போகவில்லை. இரண்டு பேரில் யாருக்காவது மனசு மாறும் என்று காத்திருக்காதே. அவளைச் சமாதானப்படுத்தவும் முயற்சி செய்யாதே. அவள் என்மேல் கோபித்துக்கொண்டு போகவில்லை. களைத்துப்போய்ப் போகிறாள். அந்தப் பெண்மணியிடம் பேசி, இருவர் அறையை ஒருவர் அறையாக மாற்றச் சொல். அவளைத் தனியாக அனுப்ப எனக்கு மனசில்லை. நானே கொண்டுபோய் இருக்க வைத்துவிட்டு வருகிறேன். பெரம்பலூரில் ஏறுகிற மாதிரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட எனக்குத் தெரியாது, நீதான் அங்கிருந்து போட வேண்டும். போவதற்கு இரண்டு போடு. திரும்புவதற்கு ஒன்று.

அப்பா